நாலு சொட்டு நீலம்

கலர்காரருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், பழைய டி.வி.யின் முன்னால் போய் நின்றார், துண்டால் அதன் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் உட்கார்ந்தார். செய்தி வாசித்துக்கொண்டிருந்த மனிதர் வெள்ளைச் சட்டைதான் போட்டிருக்க வேண்டும். ஆனால் அது இவர் கண்ணுக்குப் பழுப்படித்துத் தெரிந்தது.

"ஏம்மா, டி.வி. மஞ்சளடிக்குது, பாத்தியா?" என்று மகளிடம் கேட்டார்.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம்" என்றாள்.

அந்த ஒரு "ம்ம்" போதும் அவருக்கு. சாட்சி கிடைத்துவிட்டது.

"கிளம்புங்க ரெண்டு பேரும். புது டி.வி. வாங்கப் போறோம்."

சமையலறையிலிருந்து மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். எட்டு வருஷமாகச் சுவரில் மாட்டுகிற தட்டை டி.வி. கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனவள் அவள். கேட்கும்போதெல்லாம் "இது ஓடுதில்ல?" என்று ஒரே பதில்தான் வரும். இன்று மனுஷன் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடுகிறார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்!" என்று எரிந்து விழுந்தார். சாதாரணக் கேள்விக்கு அவ்வளவு கோபம் தேவையில்லை. அவளும் அதைக் கவனித்தாள்.

அவருக்கு என்ன பிரச்சினை என்று சொல்வதற்கு முன்னால் அவர் வேலையைச் சொல்லிவிட வேண்டும். அவர் இருப்பது ஒரு கார் பட்டறையில். இடிபட்டு வரும் கார்களை ஒருவர் தட்டி நிமிர்த்துவார், இன்னொருவர் பெயின்ட் அடிப்பார். இரண்டு பேருக்கும் நடுவில், தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு கலர் கலக்குகிறவர் இவர். முப்பத்தொரு வருஷமாக அதே மேசை. புதிதாக மாட்டிய கதவு பக்கத்துக் கதவோடு சேர்ந்துவிட வேண்டும், மாற்றியது தெரியவே கூடாது. சிவப்பெல்லாம் சுலபம். வெள்ளைதான் ஆளைப் பிடுங்கி எடுக்கும். உலகத்தில் வெள்ளை ஒன்றே ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் கார் வாங்குகிறவர்கள் மட்டும்தான். கலர்காரரின் கணக்கில் இருபத்தேழு வெள்ளை உண்டு. டப்பாவில் வெள்ளையை ஊற்றி, அதில் மஞ்சளோ கறுப்போ நீலமோ சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கதவு தனியாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

மற்ற பட்டறைகளில் கலக்கியதை ஒரு குச்சியில் தொட்டு, காரின் மேல் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். கலர்காரர் பார்க்கமாட்டார். என்ன கார், எந்த வருஷத்துக் கார் என்று கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். "ஒத்துப் பாக்கிறதெல்லாம் கத்துக்குட்டி வேலை. எனக்கு எல்லா வெள்ளையும் மண்டைக்குள்ள இருக்கு" என்பார். மண்டைக்குள் இருக்கும் வெள்ளை டப்பாவுக்குள் வரும்வரை சொட்டு விடுவார். வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கர்வம் என்றால் கர்வம்தான். ஆனால் முப்பது வருஷம் அந்தக் கர்வத்துக்குக் குறைவில்லாமல் வேலையும் நடந்தது, அதை மறைப்பானேன்.

போன மாதம் ஒரு வெள்ளைக் கார் திரும்பி வந்தது. "கதவு மட்டும் நீலம் பாஞ்சு கிடக்கு" என்றார் காரின் சொந்தக்காரர். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, அதே புகார். கலர்காரர் வெயிலில் நிறுத்திப் பார்த்தார், நிழலில் நிறுத்திப் பார்த்தார். அவர் கண்ணுக்குக் கதவுதான் சரியாக இருந்தது, மிச்சக் கார்தான் மஞ்சளாகத் தெரிந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? பெயின்ட் அடிக்கிறவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாகக் கூட இருப்பவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பட்டறையில் அவருக்கு ஊமையார் என்றே பெயர். "இவன் அடிச்ச லட்சணம்தான் முதலாளி. பூச்சை ஏத்தி அடிச்சிருக்கான்" என்று கலர்காரர் கையைக் காட்டினார்.

முதலாளி ஊமையாரைப் பிடி பிடியென்று பிடித்தார். ஊமையார் பேருக்கு ஏற்றபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதலாளி கலர்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, யார் தப்போ எனக்குத் தெரியாது. மூணாவதா ஒரு வெள்ளை திரும்பி வந்துச்சுன்னா மேசைக்கு நான் வேற ஆள்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று போன நிம்மதிதான். பட்டறையில் டியூப்லைட்டை மாற்றச் சொன்னார். பெயின்ட் கம்பெனிக்காரன் சரக்கை மாற்றிவிட்டான் என்றார். வீட்டுக்கு வந்தால் பால் மஞ்சள், சுவர் மஞ்சள், குளியலறைத் தொட்டி மஞ்சள். ஒருநாள் வாய் தவறி மனைவியிடம், "இந்தத் தலையணை உறையைத் துவைச்சியா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள். தினமும் நானூறு வெள்ளைப் போர்வை அவள் கண்ணைத் தாண்டிப் போகிறது. அவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அன்று சாயங்காலம் வரை வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அவருக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. அதை மனதுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இப்போது மகளே டி.வி. மஞ்சள் என்கிறாள். அப்படியென்றால் கோளாறு டி.வி.யில். புது டி.வி.யில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்துவிட்டால் கண்ணில் ஒன்றும் இல்லை, மேசை பத்திரம். இந்த நப்பாசையில்தான் குடும்பத்தையே பஸ் ஏற்றினார்.

முதல் கடையில் சுவர் முழுக்க டி.வி. ஒவ்வொன்றிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் சிறகை விரித்தது. விற்பனையாள் ஓடி வந்து, "சார், இது ஃபோர்-கே, இறகு இறகா எண்ணலாம்" என்றான்.

"கிளி வேண்டாம். வெள்ளை காட்டுங்க."

"சார்?"

"வெள்ளை. வேற ஒண்ணும் இல்லாத வெறும் வெள்ளை."

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவள் வரும் வழியெல்லாம் போனில் படித்துக்கொண்டு வந்திருந்தாள். எத்தனை இன்ச், என்ன பேனல், பின்னால் எத்தனை ஓட்டை என்று எல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஒரு டி.வி.யில் வெள்ளை தெரிகிறதா என்று மட்டும் யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. விற்பனையாள் எப்படியோ தேடிப் பிடித்து ஒரு பனிமலையைப் போட்டான். கலர்காரர் கிட்டப் போனார், எட்டப் போனார், பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். "பனியே மஞ்சளா இருக்கே" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

இரண்டாவது கடையில் விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். போடச் சொன்னார். போட்டார்கள். மறுபடி அணைக்கச் சொன்னபோது மனைவி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"உங்களுக்கு என்னதாங்க வேணும்? வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"எல்லாரும் மட்டமான சரக்கை வெச்சுக்கிட்டு ஏமாத்துறான். இன்னும் ஒரு கடை பாப்போம்."

மூன்றாவது கடை பெரியது. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பெரியவர் வரவேற்றார். இங்கேயும் பனிமலை போட்டார்கள், பதினாலு டி.வி.யிலும் ஒரே மலை. கலர்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். மஞ்சள், மஞ்சள், இதுவும் மஞ்சள். வரிசை முடிந்து திரும்பும்போதுதான் மூலையில், ஒரு தாழ்ந்த மேசையின் மேல் தனியாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

அதில் மலை வெள்ளையாக இருந்தது. சுத்த வெள்ளை. அவருடைய இருபத்தேழில் முதலாவது வெள்ளை. ஒரு மாதமாகத் தொலைந்து போனது அங்கே அழகாக உட்கார்ந்திருந்தது.

"இதான்! ஏய், இங்க வா! ஏம்மா, நீயும் வா, இதைப் பாரு! இதை எடுத்துடலாம்!"

பெரியவர் சங்கடமாகச் சிரித்தார். "அது விக்கிறதுக்கு இல்லைங்க. திருப்பி அனுப்ப எடுத்து வெச்சிருக்கோம்."

"ஏன்? அதுக்கு என்ன குறை?"

"பேனல் போயிடுச்சுங்க. எல்லாத்தையும் நீலமா காட்டுது. பாத்தாலே தெரியுதுங்களே."

கலர்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யார்கிட்ட வந்து கலரைப் பத்திப் பேசுறீங்க? முப்பத்தொரு வருஷமா கலர் கலக்கிறவன் நான்! நல்ல டி.வி.யை மூலையில ஒதுக்கிட்டு, மட்டமானதையெல்லாம் சுவர்ல மாட்டி வெச்சிருக்கீங்களா?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது.

மகள் அவர் கையைத் தொட்டாள். "அப்பா, அது நீலமாத்தான்ப்பா இருக்கு."

"காலையில நீதானே சொன்னே, நம்ம டி.வி. மஞ்சளடிக்குதுன்னு?"

"நான் எப்பப்பா சொன்னேன்?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். விளையாடவில்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை. இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், ஒரு நிறத்தைப் பற்றி அவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் அவர் சொன்னதுதான். இப்போது குரல் இறங்கிக் கேட்டார்: "நீ சொல்லு. உனக்கு எப்படித் தெரியுது?"

அவள் அவசரப்படவில்லை. வெளுத்து வந்த போர்வையைப் பிரித்துப் பார்க்கிறது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "சொட்டு நீலம் ஜாஸ்தியா விழுந்த போர்வை மாதிரி இருக்குங்க" என்றாள்.

"எத்தனை சொட்டு?"

"என்னது?"

"ஒரு பக்கெட்டுக்கு உன் கணக்குல எத்தனை சொட்டு கூட விழுந்திருக்கும்? பாத்துச் சொல்லு."

கழுத்துப்பட்டைப் பெரியவர் விழித்தார். அவள் விழிக்கவில்லை. வெள்ளைத் துணியோடு மாரடிக்கிறவளுக்கு அது கேட்கத்தக்க கேள்விதான். மறுபடி ஒருமுறை பார்த்தாள். "நாலு சொட்டு."

கலர்காரர் பக்கத்தில் கிடந்த சோபாவில் உட்கார்ந்தார். நாலு சொட்டு நீலம் அதிகமானது ஒருவன் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது என்றால், அந்தக் கண்ணுக்குள் நாலு சொட்டு மஞ்சள் விழுந்துவிட்டது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். டியூப்லைட் இல்லை, கம்பெனிக்காரன் இல்லை, ஊமையார் இல்லை. அழுகை வந்தது. கடையில் உட்கார்ந்து அழக்கூடாதே என்று, மிக்ஸி டப்பாவில் எழுதியிருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தார்.

"நீங்களே பாத்து ஒண்ணு எடுங்க" என்றார் கடைசியில். மனைவியும் மகளும் சுவரிலிருந்த ஆறாவதை எடுத்தார்கள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "கண்புரையாத்தான் இருக்கும். எங்க ஆஸ்பத்திரியில தினம் எத்தனை பேருக்கு எடுக்கிறாங்க தெரியுமா? அந்த வார்டு போர்வையெல்லாம் என் கையாலதானே போகுது. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தலையணை உறையைக் கேட்டீங்கள்ல, அன்னைக்கே சந்தேகம்தான்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்ககிட்டயா? உங்க கண்ணைப் பத்தியா?" என்று கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பட்டறையில யாருக்கும் தெரியக்கூடாது" என்றார் அவர்.

டி.வி. அன்று சாயங்காலமே வந்து சுவரேறியது. மகள் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. மனைவி, "அப்பப்பா, பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கே!" என்று வாயைப் பிளந்தாள். கலர்காரர் கண்ணுக்கு அதில் வந்தவர்கள் எல்லோரும் காமாலை வந்தவர்களாகத் தெரிந்தார்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார், எழுந்து வாசலுக்குப் போவார், திரும்ப வந்து உட்காருவார்.

மறுநாள் பட்டறைக்குள் நுழையும்போதே தெரிந்தது, வெள்ளைக் கார் ஒன்று வந்து நிற்கிறது. முன்பக்கக் கதவு புதிது. அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நாலு சொட்டு என்று அளவு தெரிந்துபோயிற்றே, இனி என்ன பயம்? எப்போதும் போலத் தன் கண்ணுக்கு வெள்ளை வரும்வரை கலக்கினார். வந்ததும், யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மேலே நாலு சொட்டு மஞ்சளை விட்டுக் கலக்கினார். அவர் கண்ணுக்கு டப்பா கெட்டுக் குட்டிச்சுவரானது. கெட்டதென்று தெரிந்தால்தான் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாரிடம் நீட்டினார். ஆபரேஷன் வரை இப்படியே ஓட்டிவிடலாம். ஒரு குஞ்சுக்கும் தெரிய வேண்டாம்.

கொடுத்துவிட்டு வந்தவருக்கு உட்கார முடியவில்லை. நாலு போதுமா, ஐந்து வேண்டுமா? வழக்கமாகக் கலக்கிக் கொடுத்ததும் தேநீர் குடிக்கப் போகிறவர், அன்று தேநீரை விட்டுவிட்டுப் பெயின்ட் அடிக்கும் கொட்டகைப் பக்கம் போனார்.

ஊமையார் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முன்னால் டப்பா. கையில் மஞ்சள் குப்பி. டப்பாவுக்குள் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு.

"யோவ்! என் டப்பாவில என்னய்யா விடுறே?"

ஊமையார் திடுக்கிட்டு எழுந்தார். "மஞ்சள்ண்ணே."

"எதுக்கு?"

ஊமையார் குப்பியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு பதினெட்டு வருஷத்தில் பேசாத நீளத்துக்குப் பேசினார். "ஒரு வருஷமா விடுறேண்ணே. வெள்ளைக்கு மட்டும்தான். நீங்க கலக்கிறதுல நீலம் ஏறிடுது. நீங்க டீ குடிக்கப் போனதும் குச்சியில தொட்டுக் கார் மேல வெச்சுப் பாத்து, மூணோ நாலோ விட்டுச் சரி பண்ணிட்டுத்தான் அடிப்பேன். இன்னைக்கு மட்டும் அவசரத்துல ஒத்துப் பாக்காம, பழக்கத்துல ரெண்டு சொட்டு விட்டுட்டேன்."

"ஒரு வருஷமாவா? அப்ப அந்த ரெண்டு காரு?"

ஊமையார் தலையைக் குனிந்துகொண்டார். "அதுல என் அளவு தப்பிடுச்சுண்ணே. மஞ்சள் பத்தல. உங்க கை எனக்கு வருமா? மன்னிச்சிடுங்க."

மன்னிப்புக் கேட்கிறார்! கலர்காரருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. முதலாளி முன்னால் இந்த மனிதரை நோக்கித் தான் நீட்டிய விரலை நினைத்துக்கொண்டார்.

"அவ்வளவு திட்டு வாங்கினியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உங்க மேசை போயிடுமேண்ணே."

கலர்காரர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. டப்பாவை ஒரு கையிலும் ஊமையாரை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு முதலாளியின் அறைக்கு நடந்தார். "வேண்டாம்ண்ணே, விட்டுடுங்கண்ணே" என்று ஊமையார் வழியெல்லாம் பின்னுக்கு இழுத்தார். அவர் விடவில்லை.

"முதலாளி, என் கண்ணுல புரை விழுந்திருக்கு. வெள்ளை எனக்கு வெள்ளையா தெரியலை. திரும்பி வந்த ரெண்டு காரும் நான் கெடுத்தது."

முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். சற்று நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிண்ணே. முதல்ல கண்ணைப் பாருங்க. அப்புறம் பேசிக்கலாம். ஆனா வெளியில கார் நிக்குதே, நாளைக்குக் குடுக்கணுமே. நான் இப்ப ஆளுக்கு எங்க போவேன்?"

கலர்காரர் டப்பாவை ஊமையாரின் கையில் கொடுத்தார்.

"இவனா?" என்றார் முதலாளி. "இவனுக்குக் கலக்கத் தெரியுமா?"

"ஒரு வருஷமா இவர்தான் முதலாளி கலக்கிக்கிட்டிருக்காரு."